சுளகைப் பிடித்து ஓட்டிய டிராக்டர்

முதலில் ஒரு மன்னிப்பு. போன வாரப் பகுதியில் ஓர் எழுத்துப்பிழைகூட இல்லையென்று பூண்டுலோயாவிலிருந்து ஒரு வாசகர் பாராட்டி எழுதியிருக்கிறார். அந்தப் பாராட்டு எனக்குச் சேர வேண்டியதல்ல. நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். எந்த இடத்தில் சின்ன ‘ர’, எந்த இடத்தில் பெரிய ‘ற’ என்று இன்றைக்கும் எனக்கு நிச்சயமில்லை. கோடு போட்ட தாளில் எழுதினாலும் என் வரிகள் மேட்டில் ஏறுகின்றன. அதையெல்லாம் படித்து, திருத்தி, அச்சுக் கோர்க்கிறவர்களுக்கே அந்தப் பாராட்டு போகட்டும். இந்த வாரமும் அவர்களுடைய கண்களுக்குத் தொந்தரவு கொடுத்திருக்கிறேன். பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

டயகமப் பக்கத்தில் எங்கள் தோட்டம். அங்கே, தொழிலாளர் வீடுகள் ஒரே கூரைக்குக் கீழ் வரிசையாக இருக்கும் எங்கள் லயத்து வாசல். மழை விட்டும் கூரைத் தகரத்திலிருந்து சொட்டிக்கொண்டிருக்கிறது. கவிழ்த்துப் போட்ட தேயிலைப் பெட்டியின் மேல் நான் உட்கார்ந்திருக்கிறேன். கையில் அரிசி புடைக்கும் சுளகு. இடது காலடியில் ஒரு செங்கல், வலது காலடியில் ஒரு செங்கல். பக்கத்தில் மண் நிரப்பிய பால்மா டின்னில் ஒரு மிலாறு குத்தி நிற்கிறது. கவ்வாத்து வெட்டிய மலையிலிருந்து அடுப்பெரிக்கக் கொண்டுவரும் தேயிலைக் குச்சிக்குத்தான் மிலாறு என்று பெயர்.

எதிரே, அடுப்புச் சாம்பலால் கோடு கிழித்த ரோட்டில், என் மனைவி ரோசம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நிற்கிறாள்.

“சாவியப் போட்டாச்சா?”

“போட்டாச்சு.”

“அப்ப சத்தத்தக் காணோமே?”

நான் அக்கம்பக்கம் பார்த்தேன். அடுத்த காம்பராவில் இருக்கும் பாக்கியம் அக்கா தன் வாசல் திண்ணையான இஸ்தோப்பில் உட்கார்ந்து, வெற்றிலையை மெல்வதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“டுர்ர்ர்...” என்றேன். எனக்கே கேட்கவில்லை.

“தம்பி, இந்தச் சத்தத்துக்கு ஈ கூடப் பறக்காதுய்யா. டிராக்டரு எங்க நகரப் போகுது?” என்றார் பாக்கியம் அக்கா.

லயமே சிரித்தது. எனக்குக் காது இரண்டும் சுட்டன. அப்போது எனக்கு முப்பது வயதுக்குக் கொஞ்சம் குறைவு. கல்யாணமான ஆள், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, ஊர் பார்க்கச் சுளகைப் பிடித்துக்கொண்டு டுர் டுர் என்றால் யாருக்குத்தான் சிரிப்பு வராது?

எதற்காக இந்தக் கூத்து

தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்டதற்குப் பிந்திய வருடங்களில் ஒன்று அது. எங்கள் தோட்டத்தில் கொழுந்து ஏற்றும் டிராக்டரை ஓட்டியவர் மாணிக்கம் அண்ணன். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் சாக்குகளைப் பெட்டியில் ஏற்றுவது நானும் என் சிநேகிதன் முத்துவேலும். டிராக்டருக்குப் பின்னால் கொழுவிய இழுவைப் பெட்டியை நாங்கள் வெறுமனே ‘பெட்டி’ என்போம்.

குடியுரிமை ஒப்பந்தப்படி மாணிக்கம் அண்ணன் குடும்பத்தோடு இந்தியாவுக்குப் போகும் நாள் வந்துவிட்டது. அவர் இடத்துக்கு ஆள் வேண்டும். அவரே டீமேக்கர் ஐயாவிடம் என் பெயரைச் சொல்லிவிட்டார். தேயிலைத் தொழிற்சாலைக்கு டீமேக்கர்தான் பொறுப்பு. அவர் என்னைக் கூப்பிட்டு, “ஒரு மாசத்துல லோட்டோட ஓட்டிக் காட்டு. இல்லாட்டி டவுன்ல இருந்து ஆள் எடுப்போம்” என்று சொல்லிவிட்டார்.

டவுன் ஆள் வந்தால் அவர் தன் கையாளையும் கூட்டிக்கொண்டு வருவார். அப்புறம் எனக்குப் பெட்டியிலும் இடமில்லை. திரும்பவும் கவ்வாத்துக்குப் போக வேண்டியதுதான். கவ்வாத்து மலையில்தான் என் வலது தோள் ஏற்கெனவே ஒருமுறை கழன்றிருந்தது. கத்தியை ஓங்கினால் கண்ணில் பூச்சி பறக்கும். ரோசம்மாவுக்கு அது தெரியும். இரவெல்லாம் தோளுக்குச் சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுத்தவள் அவள்தானே.

மாணிக்கம் அண்ணன் தொழிற்சாலை முற்றத்தில் என்னை உட்கார வைத்து, கிளச்சையும் கியரையும் காட்டிக் கொடுத்தார். முற்றத்துக்குள் முன்னும் பின்னும் ஓட்டினேன். ஆனால் முற்றம் சமதரை. ரோட்டில் அல்லவா வளைந்து வளைந்து ஏறும் முடக்குகள் இருக்கின்றன? அங்கே பழகுவதற்கு வண்டி தரமாட்டார்கள். தோட்டத்துச் சொத்து, கவிழ்ந்தால் யார் பதில் சொல்வது?

“வண்டி தராட்டி என்ன? நம்ம வாசல்ல ரோட்டப் போடுவோம்” என்றாள் ரோசம்மா.

தேயிலைச் செடியாக நான்

இதைச் சொல்லும்போது இன்னொன்று ஞாபகம் வருகிறது. சின்ன வயதில் லயத்துப் பிள்ளைகள் எல்லோரும் பெரட்டு விளையாட்டு விளையாடுவோம். காலையில் தொழிலாளர்களைக் கூட்டி வேலை பிரித்துக் கொடுப்பதுதான் பெரட்டு. ஒருவன் கங்காணி. ஒருத்தி கொழுந்து எடுப்பவள். ஒருவன் கணக்கப்பிள்ளை, காதில் குச்சி செருகியிருப்பான். பெரியவர்கள் பேசும் பேச்செல்லாம் அப்படியே வரும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் உண்மையான பெரட்டு என்றே நினைக்கத் தோன்றும்.

அந்த விளையாட்டில் எனக்கு எப்போதும் ஒரே வேஷம்தான். தேயிலைச் செடி. நானாகக் கேட்டு வாங்கிக்கொண்டது. செடிக்குப் பேச்சில்லை பாருங்கள். கையை விரித்துக்கொண்டு குனிந்து நின்றால் போதும், பிள்ளைகள் என் தலைமயிரைக் கொழுந்து என்று கிள்ளுவார்கள்.

ஒருநாள் எங்கள் பள்ளிக்கூடத்து யாழ்ப்பாணத்து வாத்தியார் அந்தப் பக்கமாக வந்தார். நல்ல மனுஷர். எங்களுக்குக் கொடுக்கத் தன் பையில் எப்போதும் பனங்கட்டி வைத்திருப்பவர். நாங்கள் விளையாடுவதைப் பார்த்து, “உந்த விளையாட்டையெல்லாம் விட்டிட்டுப் போய்ப் படியுங்கோவன்” என்றார். அப்புறம் என்னைக் கண்டார். “நீ என்னடாப்பா செய்யிறாய்?” என்று கேட்டார். செடி பேசக்கூடாதென்று நான் வாயே திறக்கவில்லை. அவர் சிரித்துக்கொண்டு போய்விட்டார்.

அந்த விளையாட்டில் கொழுந்து எடுத்தவர்கள் பிறகு மலைக்குப் போனபோது யாரும் புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. எந்த இலையைக் கிள்ளுவது, கங்காணிக்கு எப்படிப் பதில் சொல்வது என்பதெல்லாம் கையிலும் வாயிலும் இருந்தது. நான் கற்றுக்கொண்டது அசையாமல் நிற்பது ஒன்றைத்தான்.

தீப்பெட்டி இரண்டு

பெட்டியைக் கொழுவிக்கொண்டு பின்னுக்கு எடுப்பதுதான் டிராக்டர் ஓட்டுவதில் தலைவலி. டிராக்டரை வலப்பக்கம் திருப்பினால் பெட்டி இடப்பக்கம் போகும். மாணிக்கம் அண்ணன் சொன்னபோது எனக்குத் தலை சுற்றியது.

ரோசம்மா இரண்டு தீப்பெட்டிகளை எடுத்து, நடுவில் ஊசியால் கோத்து, பலகை மேல் வைத்தாள். “இது டிராக்டரு, இது பெட்டி. தள்ளுங்க” என்றாள். தள்ளினேன். தீப்பெட்டிகள் மடங்கி ஒன்றையொன்று இடித்தன. அவை மடங்க, நான் நேராக்க, மறுபடி மடங்க, இப்படி எத்தனையோ சாயந்தரம். மாவு பிசைந்துகொண்டே அவள் பார்ப்பாள். ஒருநாள் பலகை விளிம்பு வரைக்கும் இரண்டும் சேர்ந்து வளைந்து போய் நின்றன. யாரும் சொல்லாமல் என் விரலுக்கே அது புரிந்துவிட்டது. மறுநாள் தொழிற்சாலை முற்றத்தில் பெட்டியைக் கொழுவிப் பின்னுக்கு எடுத்தேன். போனது. மாணிக்கம் அண்ணன் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

அதற்குப் பிறகுதான் வாசலில் முழு ரோடும் வந்தது. பாலம், பெரிய முடக்கு, அதற்கு மேலே வண்டி விலகுவதற்கு அகலமாக வெட்டிய இடம் எல்லாம் சாம்பல் கோட்டில் வந்தன. மழை அழித்தால் திரும்பவும் கிழிப்போம். ரோசம்மாதான் பெட்டி. எனக்குப் பின்னால் பலகையில் உட்கார்ந்து, நான் ஓட்டுவது பிசகினால் என் முதுகில் குத்துவாள். பாக்கியம் அக்கா ஒருநாள் மாடு, ஒருநாள் பாலத்தில் வரும் கிழவி, ஒருநாள் மூடுபனி. மூடுபனி என்றால் சேலைத் தலைப்பால் என் கண்ணை மறைப்பார். முத்துவேல் எதிரே வரும் வண்டி.

தொரை வருகிறார்

முத்துவேல் ஒருநாள் தொப்பி வைத்துக்கொண்டு வந்தான். தோட்டத்துத் துரையின் ஜீப்பாம். துரை சிங்களவர், தமிழ் பேசுவார். முத்துவேலுக்கு அவர் குரல் அப்படியே வரும்.

“ஏய்! யார் அது?”

அவ்வளவுதான். நான் தேயிலைப் பெட்டியிலிருந்து எழுந்துவிட்டேன். சுளகைக் கீழே போட்டேன். தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஓரமாக நின்றேன். நானாகச் செய்யவில்லை. உடம்பு செய்தது. துரையைக் கண்டால் ரோட்டை விட்டு இறங்கி, துண்டை எடுத்து, தலையைக் குனிந்து நிற்பது எங்கள் அப்பன் பாட்டன் காலத்திலிருந்து வரும் பழக்கம்.

எனக்குப் பின்னால் தொப்பென்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால் ரோசம்மா தரையில் மல்லாந்து கிடக்கிறாள்.

“என்ன புள்ள?”

“நான் செத்துட்டேன்” என்றாள் கண்ணை மூடியபடி. “வண்டிய விட்டுட்டு எறங்கிட்டீங்கள்ல? மேட்டுல பெட்டி உருண்டு, கொழுந்தும் ஆத்துல, நானும் ஆத்துல.”

“ஐயோ, கொழுந்து போச்சே!” என்று பாக்கியம் அக்கா மாரில் அடித்துக்கொண்டார்.

மாணிக்கம் அண்ணன் போகும்போது சொன்ன பாடம் ஒன்று உண்டு. பாலத்தில் இரண்டாம் கியரைப் போட்டால் பெரிய முடக்கு தாண்டும்வரை நிறுத்தக்கூடாது. ஈர ரோட்டில் நிறைந்த பெட்டியோடு நின்றால் அது பின்னால் இழுத்துவிடும். மலைரோட்டில் சுமையோடு ஏறுகிற வண்டிக்குத்தான் வழி, இறங்குகிற வண்டி பின்னுக்கு எடுக்க வேண்டும். பாடம் எனக்குத் தெரியும். ஆனால் இறங்குகிற வண்டியில் துரை இருந்தால்?

அதையே திரும்பத் திரும்ப விளையாடினோம். முத்துவேல் தொப்பியோடு வருவான், நான் எழுந்துவிடுவேன், ரோசம்மா சாவாள்.

“கட்டுன பொண்டாட்டிய ஒரு நாளைக்கு எத்தன தடவ கொல்லுவீங்க?” என்று சேலையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டு எழுவாள்.

“டேய் சூசை, நான்டா, முத்துவேலுடா. என்னையப் பாத்தா பயப்படுற?” என்பான் அவன்.

பிறகு எழும்புவது நின்றது. ஆனால் கை சுளகை விட்டுவிடும். பிறகு கையும் நின்றது. தலை மட்டும் குனிந்தது. தலை குனிந்தால் ரோடு தெரியாது என்று பாக்கியம் அக்கா என் தாடைக்குக் கீழே ஓர் அகப்பையைப் பிடித்தார். கடைசியில் ஒரு சாயந்தரம், தொப்பியைப் பார்த்துக்கொண்டே, சுளகை விடாமல் நான் சொன்னேன்:

“ஏறுற லோட்டுக்குத்தான் வழிங்க தொரை. பின்னுக்கு எடுங்க.”

விளையாட்டில்கூட அந்தத் தோட்டத்தில் அப்படியொரு வார்த்தையை யாரும் சொன்னதில்லை. முத்துவேல் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். பாக்கியம் அக்காதான் முதலில் சிரித்தார்.

அட்டனில் ஒரு கடை

கொஞ்ச நாளைக்கு முன் அட்டனில் ரேடியோ, டிவி விற்கும் கடைக்கு என் மகளோடு போயிருந்தேன். அங்கே டிவியில் கொழுவி விளையாடும் ஒரு பெட்டி வைத்திருந்தார்கள். திரையில் ஒரு கார் ஓடுகிறது. கையிலுள்ள குமிழை அசைத்தால் அது வளைகிறது. இத்தனை வருடம் மலைரோட்டில் ஓட்டிய என்னிடம் மகள் குமிழைக் கொடுத்தாள். எடுத்த எடுப்பிலேயே கொண்டுபோய் இடித்தேன். திரும்பவும் இடித்தேன். “அப்பா, நீங்க நெசமாவே டிரைவர்தானா?” என்றாள். கடைக்காரப் பையன் வாயைப் பொத்திக்கொண்டான்.

அந்தக் கார் இடித்ததும் மறைந்து, உடனே புதிதாக ரோட்டில் வந்து நின்றது. யாரும் ஏசவில்லை. அன்றைய கூலிக் கணக்கில் பெயர் வெட்டவில்லை. எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. இப்படிப்பட்ட விளையாட்டால் பிள்ளைகள் கெட்டுப்போகும் என்று பக்கத்தில் நின்ற ஒருவர் சொன்னார். இருக்கலாம், எனக்குத் தெரியாது. நான் படித்த பள்ளிக்கூடத்தில் ஒரு கணக்குப் பிழைத்தால் பிரம்புதான் பதில் சொல்லும், அதற்குப் பயந்தே நான் கையைத் தூக்கியதில்லை. எங்கள் வாசலில் பிழைத்தால் ரோசம்மா செத்து எழுவாள். நான் ஒழுங்காகக் கற்றது அங்கேதான்.

பெரிய முடக்கு

பரீட்சைக்கு வைத்த நாளில் காலையிலிருந்தே தூறல். மடுவத்தில் முத்துவேல் சாக்குகளை ஏற்றிவிட்டு, என்னைப் பார்க்காமல் பெட்டியில் ஏறிக்கொண்டான். டீமேக்கர் ஐயா டிராக்டரின் மட்கார்டில் உட்கார்ந்தார். மேல் மலையில் பெண்கள் கொழுந்தெடுக்கும் நிரையில் நின்றார்கள். அதில் ரோசம்மாவும் இருப்பாள் என்று தெரியும். நான் பார்க்கவில்லை.

பாலத்தில் இரண்டாம் கியர். சக்கரத்துக்கடியில் மண் வழுக்குவது இடுப்பில் தெரிந்தது. பெரிய முடக்கில் பாதி ஏறியிருப்பேன். மேலேயிருந்து ஹார்ன் சத்தம். ஜீப் வந்துகொண்டிருந்தது. ஓட்டுவது துரையேதான்.

“நிப்பாட்டு, நிப்பாட்டு! தொரை!” என்று கத்திக்கொண்டே டீமேக்கர் ஐயா ஓடும் வண்டியில் எழுந்து நின்று தொப்பியைக் கழற்றிவிட்டார். ஒரு கையில் தொப்பி, மறு கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

என் கால் பிரேக்குக்குப் போகவில்லை. என் கை ஸ்டியரிங்கை விடவில்லை. நான் ஜீப்பைப் பார்த்தேன். தலையை மேலே நோக்கி அசைத்தேன். பின்னுக்கு எடுங்க என்று வாயால் சொன்னேனா என்று எனக்கு நினைவில்லை. சொன்னதாகத்தான் முத்துவேல் சத்தியம் பண்ணுகிறான்.

ஜீப் நின்றது. துரை ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு ஒரு கையை இருக்கைக்குப் பின்னால் போட்டு, திரும்பிப் பார்த்து, அகலமான இடம் வரைக்கும் மெதுவாகப் பின்னுக்கு எடுத்து ஒதுங்கினார். தாண்டும்போது, “சலாமுங்க தொரை” என்றேன். ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை.

“முடிஞ்சுது” என்றார் டீமேக்கர் ஐயா, உட்கார்ந்துகொண்டு. “நாளைக்கு நீ கவ்வாத்துக்குப் போ. நான் எங்க போறதுன்னுதான் தெரியல.”

தொழிற்சாலை முற்றத்தில் வண்டியை நிறுத்தியபோது ஜீப் பின்னாலேயே திரும்பி வந்து நின்றது. துரை இறங்கினார். நானும் இறங்கி, இப்போது துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டேன்.

“நீ ஏன் நிப்பாட்ட இல்லை?”

வேறு எந்தக் கேள்வி கேட்டிருந்தாலும் எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டிருக்கும். இந்தக் கேள்வியை முத்துவேல் தொப்பியோடு வந்து என்னிடம் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறான்.

“நிப்பாட்டுனா பெட்டி பின்னால இழுத்துருங்க தொரை. ஏறுற லோட்டுக்குத்தான் வழிங்க.”

“அது சரி” என்றார் துரை. “எங்க பழகினது?”

“வீட்டுலங்க.”

“வீட்டுல டிராக்டர் இருக்கா?”

சாக்கு இறக்கிக்கொண்டிருந்த முத்துவேல் பெட்டிக்குள்ளேயே குனிந்துகொண்டான். துரை பதிலுக்குக் காத்திருக்கவில்லை. டீமேக்கர் ஐயாவைப் பார்த்து, “மேட்டில போற வண்டியில நீங்க எதுக்கு எழும்பினது? விழுந்தா யார் தேயிலை போடுறது?” என்று கேட்டார்.

“பழக்கம் சேர்” என்றார் டீமேக்கர் ஐயா. சொல்லிவிட்டு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

“டவுன்ல இருந்து வர்ற ஆளுக்கு வர வேணாம்னு சொல்லுங்க” என்று சொல்லிவிட்டுத் துரை ஜீப்பில் ஏறினார்.

அன்றைக்குச் சாயந்தரம்

மலையிலிருந்து பார்த்தவர்களுக்குப் பெரிய முடக்கு தெரிந்திருக்காது. இடையில் சவுக்கு மரங்கள். டிராக்டர் மேலே போனதைத்தான் கண்டார்கள். ரோசம்மா கூடையை இறக்கும் முன்பே கேட்டாள்.

“என்னாச்சு?”

“வேல கெடச்சிருச்சு.”

அவள் இஸ்தோப்பில் உட்கார்ந்துவிட்டாள். என் வலது தோளை மட்டும் ஒருமுறை தொட்டாள். பிறகுதான் முத்துவேல் எல்லாவற்றையும் சொன்னான்.

“தொரை பின்னுக்கு எடுத்தாரா? சும்மா சொல்லாதீங்கண்ணே.”

“மாதா மேல சத்தியமா. கேளு ஒன் புருசன.”

“எப்படி எடுத்தாரு?”

அதற்குள் வாசலில் ஆட்கள் கூடிவிட்டார்கள். பாக்கியம் அக்கா தேயிலைப் பெட்டியைக் காலால் நகர்த்தி வாசலுக்குக் கொண்டுவந்தார். ரோசம்மா அதில் ஏறி உட்கார்ந்தாள். சுளகைக் கையில் எடுத்தாள்.

“நீங்க தொரை. வாங்க” என்றாள் என்னிடம்.

முத்துவேல் தொப்பியை என் தலையில் வைத்தான். என்னால் முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். எல்லோரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாம்பல் கோட்டின் மேல்முனைக்குப் போனேன். ஜீப்பின் சத்தத்தைப் போட்டேன். இந்தத் தடவை நல்ல சத்தமாகவே வந்தது. இறங்கி வந்தேன்.

ரோசம்மா தலையை மேலே அசைத்தாள். நான் ஒரு கையைப் பின்னால் போட்டு, திரும்பிப் பார்த்து, அடி அடியாகப் பின்னுக்கு நடந்து, அகலமான இடத்தில் ஒதுங்கி நின்றேன்.

லயத்தில் எழுந்த சிரிப்பில் கோழிகளெல்லாம் கூரைக்குப் பறந்துவிட்டன. ரோசம்மா சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இன்னொருக்கா எடுங்க” என்றாள்.

எடுத்தேன். இருட்டிக் கோடு தெரியாமல் போகும்வரைக்கும், அன்றைக்கு அவள் துரையைப் பின்னுக்கு எடுக்க வைத்துக்கொண்டேயிருந்தாள்.

இதை எழுதி முடித்தது மாதா திருநாளுக்கு மறுநாள், ஒரு மழைச் சாயந்தரம்.